லயம் முழுக்கத் தாய்வீடு

“இன்னொரு அரை ரொட்டி சட்டியில இருக்கே மாமி.”

“இருக்கும். அது அங்கயே கெடக்கட்டும். வயித்துல இருக்கிறது நல்லபடியா வெளிய வரட்டும், அப்புறம் முழுசு முழுசா தின்னு. யாரு வேணாங்கிறா?”

இதைச் சொல்லும்போது காளியாயி மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கை தானாக அந்த அரை ரொட்டியை எடுத்துக் கொடுத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அடுப்புப் புகைக்குக் கண்ணைச் சுருக்குகிறவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, தேத்தண்ணிக் கேத்தலை இறக்கி வைத்தாள். வெளியே பனிமூட்டம் வரிசை வீடுகளான லயத்தின் தகரக் கூரைவரை இறங்கிக் கிடந்தது. அக்கரப்பத்தனைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கும் மேலே இருக்கிற தேயிலைத் தோட்டம் அது. ஆடி மாதக் காற்று அங்கே யாரையும் கேட்டுக்கொண்டு உள்ளே வருவதில்லை.

மருமகள் பிரியந்தி தன் பங்கு அரை ரொட்டியைத் தேங்காய் இல்லாத மிளகாய்ச் சம்பலில் தொட்டுத் தின்றாள். ஏழாம் மாதம் பிறந்திருந்தது. தேயிலைக் கொழுந்து எடுக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு அவள் நின்றால், விவரம் தெரியாதவர்கள் நாலாம் மாதம் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். அந்தச் சின்ன வயிற்றைப் பார்க்கப் பார்க்கக் காளியாயிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அவளைக் கொடுமைக்கார மாமியார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மருமகள் குளிர்த்தண்ணீரில் கை நனைக்கக் கூடாது என்று பீலியிலிருந்து தானே குடம் சுமந்து வருகிறவள். விறகு பொறுக்க விடாதவள். சாப்பாட்டில் மட்டும்தான் அவள் கை இறுகிப் போயிருந்தது. அதற்குக் காரணம் அவளுடைய மகள் ஜீவராணி.

ஜீவராணியை அதே தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஏழாம் மாதத்தில் காளியாயி ஏழு வகைச் சோறு ஆக்கிக் கட்டுச்சோறு கொண்டு போனாள். மகள் அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாட்டை அவள் மறக்கவே இல்லை. புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு என்று மூச்சு விடாமல் அள்ளி அள்ளித் தின்றாள். காளியாயியும் பூரித்துப் போய் ஊட்டினாள். பிரசவ நேரத்தில் காளியாயி ஒரு கல்யாணத்துக்காகத் தலவாக்கலைக்குப் போயிருந்தாள். மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது. கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போன பிள்ளை பாதி வழியிலேயே போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை. பாதை திறந்து தாய்க்காரி வந்து சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. “புள்ள பெருசு காளியாயி. அதான் வழி விடல” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஊட்டிய கைதான் கொன்றுவிட்டது என்று காளியாயி அன்றைக்கு முடிவு கட்டினாள். அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அதனால்தான் இந்த அரை ரொட்டி. கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷாச் சத்து மாவைக்கூட அவள் சீனி போட்டு உருண்டை பிடித்து லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள். பிள்ளைகள் அவளைக் கண்டால் ஓடி வரும்.

மகன் விஜிதரன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. வாரத்துக்கு ஒருமுறை போனில் வருவான்.

“அம்மா, அவளுக்கு நேரத்துக்குச் சோறு குடுக்கிறீங்களா?”

“குடுக்காம? நீ என்னாத்த சாப்பிட்ட?”

“நான் இங்க ஊருக்கெல்லாம் பிளேட்டு பிளேட்டா அள்ளிப் போடுறேன். அங்க அவ வயித்தக் காயப் போடாதீங்க.”

“எனக்குச் சொல்லித் தராதடா. நான் ரெண்டு பெத்தவ.”

‘ரெண்டு’ என்று சொன்னதும் இரண்டு பக்கமும் பேச்சு நின்றுவிடும். பிறகு அவன் மழை பெய்கிறதா என்று கேட்பான். பெய்கிறது என்பாள்.

அன்றைக்குக் கொழுந்து எடுப்பது மேட்டுமலையில். காளியாயிக்கும் பிரியந்திக்கும் அடுத்தடுத்த தேயிலை நிரை. அந்தப் பக்கத்து நிரையில் நாகலெட்சுமி. லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி, காளியாயியை மதினி என்று முறை வைத்து மூச்சுக்கு மூச்சு வம்பிழுக்கிறவள்.

“என்னா மதினி, மருமகளுக்கு இன்னைக்கு என்னா கட்டிக் குடுத்தீங்க? புரியாணியா?”

“ஒன் வாயில கொழுந்தத் திணிக்க. அவளுக்கு வேண்டியத நான் குடுத்திருக்கேன்.”

“அதத்தான் பாக்கிறேனே. காத்தடிச்சா தேயிலைச் செடியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா.”

“மெலிசா இருந்தாத்தான்டி புள்ள சுளுவா வரும்.”

“சுளுவா வர்றதுக்கு அது என்னா, கூடையில இருந்து கொழுந்து கொட்டுற மாதிரியா? தள்ளணும் மதினி. தள்ளுறதுக்கு எங்க இருந்து தெம்பு வரும், பக்கத்துத் தோட்டத்துல இருந்தா?”

நிரையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். பிரியந்தியும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுமுன் கூடைக் கயிறு அவள் நெற்றியிலிருந்து நழுவியது. கொழுந்து கொட்டியது. அதன்மேலேயே அவள் சரிந்தாள்.

“மாமி, எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது.”

கூடையை எறிந்துவிட்டு ஓடி வந்தது காளியாயிதான். ஆனால் மடியில் தலையைத் தூக்கி வைத்து, தன் போத்தலிலிருந்த சீனித் தேத்தண்ணியைப் புகட்டியது நாகலெட்சுமி. மேலே நின்று வேலையை மேற்பார்த்த கண்டாக்கு ஐயா, “என்ன அங்க கூட்டம்?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க ஐயா. புள்ளத்தாச்சி செத்த குந்தியிருக்கு. நீங்க அந்தப் பக்கம் போங்க,” என்றாள் நாகலெட்சுமி.

கொட்டிய கொழுந்தைப் பெண்கள் அள்ளிக் கூடையில் போட்டார்கள். நிறுவைக்குக் குறையக் கூடாது என்று ஆளுக்கொரு கை தங்கள் கொழுந்தையும் போட்டார்கள். மலையில் அது வழக்கம். யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

அந்த வாரக் கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் பிரியந்தியைத் தராசில் ஏற்றி இறக்கி, மறுபடியும் ஏற்றினார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். அவருக்குச் சிங்களந்தான் சொந்தப் பாஷை. தமிழைப் பிடித்துப் பிடித்துப் பேசுவார்.

“காளியாயி, போன மாசம் எடைதான் இந்த மாசமும். ரத்தம் அடு. ரொம்பக் கொறவு. திரிபோஷா இவங்க சாப்பிடுறதா?”

“சாப்பிடுறா மிஸ்.”

“இவங்க மட்டும்?”

காளியாயி சுவரைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்ற நாகலெட்சுமியின் பேரன், “எனக்கும் உருண்டை தந்தாங்க” என்றான். கிளினிக்கே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை.

“இப்படிப் போனா அம்மாவுக்கும் ஆபத்து, பபாவுக்கும் ஆபத்து. வெளங்குதா? சின்னப் பபா லேசு இல்ல. சின்னப் பபாதான் கஷ்டம்.”

“சரிங்க மிஸ்.”

திரும்பி வரும் வழியெல்லாம் காளியாயி தனக்குள் சொல்லிக்கொண்டாள்: படித்த பிள்ளை, நல்ல பிள்ளை, ஆனால் என் மகளை இந்தப் பிள்ளை பார்த்ததில்லை. அன்று மாலையும் அரை ரொட்டிதான். பிரியந்தி அதையும் கேள்வி கேட்காமல் தின்றாள். செத்துப்போன நாத்தனாரின் கதை அவளுக்கும் தெரியும். மாமியாரின் பயத்தை மிதித்துக்கொண்டு சாப்பிட அவளுக்கு மனசு வரவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம், கொழுந்து நிறுத்துவிட்டு வந்து கால் கழுவுகிற நேரம். வாசலில் குலவைச் சத்தம் கேட்டது. காளியாயி இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்து பார்த்தாள். நாகலெட்சுமி தலையைச் சீவிப் பூ வைத்து, கையில் தாம்பாளத்தோடு நின்றாள். தாம்பாளத்தில் கண்ணாடி வளையலும் மஞ்சளும் மூடி போட்ட சட்டியும் இருந்தன. பின்னால் அதே லயத்துப் பூரணியும் சண்முகவடிவும்.

“என்னாடி இது கூத்து?”

“கட்டுச்சோறு மதினி. ஏழாம் மாசம் பொறந்துருச்சே.”

“அவ ஆத்தா சவூதியில இருக்கா. தாய்வீடு இல்லாத புள்ளைக்கு என்னா கட்டுச்சோறு?”

“யாரு இல்லேன்னா? நான்தான் தாய்வீடு. அவ ஆத்தாகிட்ட நேத்தே போன்ல கேட்டுட்டேன். நீதான்க்கா எனக்குப் பதிலா நிக்கணும்னு அழுவுறா. நகருங்க.”

அந்தத் தோட்டத்தில் கட்டுச்சோற்றுக்கு ஒரு சட்டம் உண்டு. சோறு கொண்டுவந்த தாய்வீட்டார் முன்னால் பெண் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவள் வாயால் போதும் என்கிறவரை மாமியார் வீட்டார் குறுக்கே பேசக் கூடாது, தட்டில் கை வைக்கக் கூடாது. வந்த சோற்றைத் திருப்பி அனுப்பினால் பிள்ளைக்கு ஆகாது. இந்தச் சட்டத்தைக் காளியாயியைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்த லயத்திலேயே கிடையாது. வாயை மூடிக்கொண்டு அவள் வழிவிட்டாள்.

பயறு போட்டு ஆக்கிய சோறு, அவித்த முட்டை, பொன்னாங்காணிச் சுண்டல், நெத்தலிக் கருவாடு. பிரியந்தி முதலில் மாமியாரைப் பார்த்துப் பார்த்துத் தின்றாள். பிறகு சட்டியை மட்டும் பார்த்துத் தின்றாள். அந்த வேகத்தைப் பார்க்கமாட்டாமல் காளியாயி வாசற்பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறொரு பிள்ளை அதே வேகத்தில் தின்றதை அவள் பார்த்திருக்கிறாள்.

சரி, ஒரு நாள் தானே, போகட்டும் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் அதே நேரம் மறுபடியும் குலவை. இந்தமுறை தாம்பாளம் சண்முகவடிவின் கையில்.

“நேத்துத்தானேடி நடந்துச்சு?”

“அது பெரியம்மா வீட்டுக் கட்டுச்சோறு. நான் சித்தி முறைங்க அக்கா. சித்தி வீட்டுச் சோற வேணாம்னு சொல்லுவீங்களா? எங்க மாட்டுப்பாலு காய்ச்சி வந்திருக்கேன், ஆறுறதுக்குள்ள குடிக்கச் சொல்லுங்க.”

அதற்கு மறுநாள் பூரணி. அவள் அத்தை முறை என்றாள்.

“அத்தை வீடு எப்புடிடி தாய்வீடாகும்?” என்று காளியாயி மடக்கினாள்.

“அவ அப்பனுக்குத் தங்கச்சி முறை. அவ அப்பன் தாய்வீட்டுல தானே இருந்தாரு?”

“ஏய், இவளுக்கு எத்தன தாய்வீடுடி?”

பக்கத்துக் காம்பராவிலிருந்து நாகலெட்சுமியின் குரல் வந்தது. “இந்த லயத்துல எத்தன காம்பரா இருக்கோ அத்தன மதினி.”

“ஒங்க வீட்டுப் புள்ளைகளுக்கே பத்தாத காலத்துல இதெல்லாம் எங்க இருந்து வருது?”

“ஒரு வீடு தெனமும் குடுக்க முடியாது. எல்லா வீடும் ஒரு நாள் குடுக்கலாம். ஒங்களுக்குத் தோணாதது எங்களுக்குத் தோணுச்சு, விடுங்க.”

மாவு வாங்கப் போன இடத்திலும் அவளுக்கு நிம்மதி இல்லை. பாதை வளைவில் கடை வைத்திருக்கிற ஹப்ஸா, மாவை நிறுத்துக்கொண்டே சொன்னாள்: “காளியாயி அக்கா, நாளைக்கு எங்கட முறையாம். முட்டையும் பயறும் குடுத்தனுப்பவா, நானே வரவா?”

“நீயுமா? ஒனக்கும் அவளுக்கும் என்னா முறை?”

“எனக்குத் தெரியா. நாகலெட்சுமியக்கா சொன்னாங்க, சாச்சி முறையாம். நான் சரியெண்டு சொல்லிட்டேன். குலவை மட்டும் எனக்கு வராது, அத வேற ஆளப் போடச் சொல்லுங்க.”

காளியாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அவளே பல்லைக் கடித்து விழுங்கினாள்.

இப்படியே நாட்கள் ஓடின. பிரியந்தியின் கன்னத்துக் குழி மேடாகியது. நிரையில் செடியைப் பிடிக்காமல் நடந்தாள். இரவில் வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். வயிறும் வயிறாகத் தெரிய ஆரம்பித்தது. படங்குக் கயிற்றை இரண்டு விரற்கடை தளர்த்த வேண்டியிருந்தது. அந்தத் தளர்ந்த கயிற்றைப் பார்த்த அன்றைக்குக் காளியாயிக்கு வேர்த்தது. பெருக்கிறது. பிள்ளை பெருக்கிறது. இவளும் போய்விடுவாள். வீட்டுக்கு வந்த இரண்டாவது மகளையும் ஊரே சேர்ந்து ஊட்டிக் கொல்லப் பார்க்கிறது.

அன்று சாயங்காலம் அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அதன்மேல் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள்.

மழை தகரத்தில் கொட்டியது. வெளியே குலவை கேட்டது. மழைச் சத்தத்தில் பாதி கரைந்து போன குலவை.

“மதினி, கதவத் தொறங்க.”

“கட்டுச்சோறெல்லாம் போதும். போங்கடி.”

“வந்த சோத்தத் திருப்புறீங்களா?”

“திருப்பல. நான் கதவத் தொறக்கவே இல்லியே. வந்தாத்தானே திருப்புறதுக்கு?”

“மழை மதினி. நனையிறோம்.”

“நனைங்க.”

உள்ளேயிருந்து பிரியந்தி எழுந்து வந்தாள். மாமியாருக்கு முன்னால் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

“மாமி, நகருங்க. என் தாய்வீடு மழையில நிக்குது.”

“நான் சொல்றதக் கேளு புள்ள.”

“இத்தன மாசம் கேட்டேன் மாமி. நீங்க பயந்து குடுக்கல, நானும் பயந்து கேக்கல. எனக்கு ராவெல்லாம் பசிக்கும். எனக்கு இல்ல மாமி, அதுக்குப் பசிக்கும். இப்பத்தான் அது உள்ள ஆடுது. நீங்க கதவத் தொறக்கலேன்னா பின்கதவு வழியா போயி மழையில நின்னு சாப்பிட்டுக்கிறேன்.”

காளியாயி எழுந்தாள். தாழ்ப்பாளை இழுத்தாள். சொட்டச் சொட்ட நின்ற நாகலெட்சுமியைப் பார்த்ததும், பத்து வருஷமாக அடைத்துக் கிடந்தது உடைந்துகொண்டு வந்தது.

“கொல்லுங்கடி. இவளையும் கொல்லுங்க. நான் ஒருத்திய ஊட்டி ஊட்டிக் கொன்னது பத்தாதா? ஏழு சோறு கொண்டு போயி இந்தக் கையாலதானே ஊட்டினேன். அள்ளி அள்ளித் தின்னாளே. தின்னு தின்னு புள்ள பெருத்து, அதுலதானே போனா.”

நாகலெட்சுமி தாம்பாளத்தைப் பூரணியிடம் கொடுத்தாள்.

“யாரு சொன்னா புள்ள பெருசுன்னு?”

“ஊரே சொல்லுச்சு.”

“ஊரு லொறியில இருந்துச்சா? நான் இருந்தேன் மதினி. ஒங்களுக்குப் பதிலா நான்தான் அவ தலைய மடியில வச்சிருந்தேன். அந்தப் புள்ளைய என் கையிலதான் வாங்கினேன். பூனைக்குட்டி கனம்கூட இல்ல. என் உள்ளங்கையில அடங்குச்சு.”

காளியாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“பின்ன ஏன்டி போனா?”

“ரத்தம் இல்ல. ஒடம்புல இருந்த கொஞ்சமும் போயிருச்சு. கீழ்ப்பிரிவுல அவளுக்கு என்னா குடுத்தாங்கன்னு கேட்டீங்களா என்னைக்காவது? அரை ரொட்டி. புள்ள சின்னதா இருந்தாத்தான் சுளுவா வரும்னு அரை ரொட்டி. எல்லாரும் தின்னு முடிச்சு மிச்சம் இருந்தாத்தான் அதுவும்.”

மழை கூரை விளிம்பிலிருந்து கயிறு கயிறாக விழுந்துகொண்டிருந்தது.

“அப்ப அன்னைக்கு அவ அப்புடித் தின்னது...”

“பசி மதினி. ஒங்க சோறு ஒண்ணுதான் அந்தப் பத்து மாசத்துல அவ வயிறு நெறைய தின்ன சோறு. லொறியில அதத்தான் சொன்னா. அம்மா கொண்டாந்த புளிச்சோறுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.”

“நீ ஏன்டி என்கிட்டச் சொல்லல? பத்து வருஷம்டி.”

“என்கிட்டச் சத்தியம் வாங்கினா. அம்மாவுக்குத் தெரிஞ்சா கவ்வாத்துக் கத்தி எடுத்துக்கிட்டுக் கீழ்ப்பிரிவுக்குப் போயிரும், சொல்லாதீங்க அத்தைன்னு. ஒங்களத் தெரிஞ்சவதானே அவ. நீங்க ஊட்டினதத்தான் குத்தம்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்கன்னு எனக்கு எப்புடித் தெரியும்? ஒரு நாளு வாயத் தொறந்திருந்தா சொல்லியிருக்க மாட்டனா?”

காளியாயி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொழுந்துக் கறை ஏறி, விரல் நுனியெல்லாம் வெடித்த கை. அழுகை வந்தது. அழுது முடியும்வரை நாகலெட்சுமி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள். பூரணிதான் கடைசியில் மெதுவாகச் சொன்னாள்:

“அக்கா, சோறு சில்லிட்டுப் போச்சு. சுட வச்சுத் தரவா?”

“அடுப்பு எரியுது. உள்ள வாங்கடி,” என்றாள் காளியாயி, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் அவள் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. கண்டாக்கு ஐயாவிடம் நாகலெட்சுமியே போய்ச் சொன்னாள்: “காளியாயி மதினிக்கு இன்னைக்கு வீட்டுல விசேஷம்.” என்ன விசேஷம் என்று அவளுக்கும் தெரியாது.

மாலையில் பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்தபோது லயத்தின் பின்பக்கமெல்லாம் தாளித்த புளியின் வாசம். பட்டுச்சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு காளியாயி தன் பின்பக்கக் குசினிக் கதவு வழியாக வெளியே வந்தாள். லயத்தின் பின்புறமாகவே கடைசிக் காம்பராவரை நடந்து, அந்த முனையில் திரும்பி, முன்பக்கமாக ஒவ்வொரு இஸ்தோப்பாகக் கடந்து வந்தாள். மழை விட்டிருந்தது. பிள்ளைகள் பின்னால் ஓடின.

“மதினி, எங்க போறீங்க? ஒங்க வீடு இந்தப் பக்கம்,” என்று நாகலெட்சுமி கத்தினாள்.

“தெரியும்டி. தாய்வீட்டுக்காரி குசினி வழியாவா வருவா? முன்வாசல் வழியாத்தான் வரணும். அதான் சுத்திக்கிட்டு வாறேன்.”

“மாமியாக்காரியே தாய்வீடா? இது எந்தச் சட்டத்துல இருக்கு?”

“ஒன் அத்தை முறைச் சட்டத்துல எந்தப் பக்கத்துல இருந்துச்சோ அதுக்கு அடுத்த பக்கத்துல. போடு கொலவ.”

குலவை போட்டார்கள். லயம் முழுக்கச் சிரித்துக்கொண்டே போட்டார்கள். தன் வீட்டுக்கே சீர் கொண்டு வந்த அந்தப் பெண்பிள்ளை, தன் வாசலில் நின்று, “வீட்டுல யாருங்க, பொண்ணு இருக்காளா?” என்று கேட்டாள். உள்ளேயிருந்து வந்த பிரியந்தி சிரிப்பை அடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வகைச் சோறு. காளியாயியே பிசைந்து ஊட்டினாள். முதல் உருண்டையைச் சின்னதாகப் பிடித்தாள். அதற்குப் பிறகு பிடித்ததெல்லாம் பெரிய உருண்டை.

பிரசவம் ஐப்பசியில், ஒரு விடியற்காலையில் வந்தது. திரீவீலர் நுவரெலியா ஆஸ்பத்திரியில் போய் நிற்கும்போது வெயில் ஏறியிருந்தது. கொழும்பிலிருந்து விஜிதரன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். நாகலெட்சுமியும் காளியாயியும் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். நாகலெட்சுமி அன்றைக்கு மட்டும் வம்பு பேசவில்லை.

கதவைத் திறந்துகொண்டு தாதி வந்தார். “அம்மே, லொக்கு பபெக்,” என்றார் சிரித்துக்கொண்டு.

பெரிய குழந்தை. கடைத்தெருச் சிங்களம் போதும் அதைப் புரிந்துகொள்ள. காளியாயிக்குப் பழைய பயம் ஒரே நொடியில் திரும்பி வந்தது. நாகலெட்சுமி அவள் கையை இறுக்கிக்கொண்டு, “துவ?” என்று கேட்டாள். மகள்?

“துவ ஹொந்தின் இன்னவா.”

மகள் நன்றாக இருக்கிறாள். காளியாயி அதை மறுபடியும் சொல்லச் சொன்னாள். தாதி மறுபடியும் சொன்னார். உள்ளே போய்ப் பார்த்தபோது பிரியந்தி களைத்துப் போய், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். பக்கத்தில் பெண் குழந்தை. கைமுட்டி இரண்டையும் இறுக்கி, முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தது.

“யாரப் போல மாமி?”

“வாயப் பாத்தா நாகலெட்சுமி மாதிரி இருக்கு,” என்றாள் காளியாயி. பிறகு இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள். “ஆத்தாடி. கனக்குதுடி நாகு. இந்தா, நீயும் தூக்கிப் பாரு. கனக்குது.”

தைப்பொங்கல் கழிந்து கொழுந்து குறைந்திருந்த நாட்களில், கீழ்ப்பிரிவில் ஒரு பெண் முழுகாமல் இருப்பதாகவும், மலையில் மயங்கி விழுந்ததாகவும் பேச்சு வந்தது. அந்த வாரமே ஒரு சாயங்காலம் கீழ்ப்பிரிவு லயத்து வாசலில் குலவை கேட்டது. முன்னால் தாம்பாளத்தோடு காளியாயி. பின்னால் நாகலெட்சுமி, பூரணி, சண்முகவடிவு. கடைசியில் முட்டைக் கூடையோடு, நடையில் மூச்சு வாங்கிக்கொண்டு ஹப்ஸா.

பத்து வருஷத்துக்குப் பிறகு காளியாயி அந்தப் பாதையில் இறங்கி வந்திருந்தாள்.

அந்த வீட்டு மாமியார்க்காரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் கை வைத்திருந்தாள்.

“யாரு நீங்கள்லாம்? எங்க புள்ளைக்குத் தாய்வீடு ராகலையில இருக்கு.”

“ராகலை தூரமுங்க. நாங்க பக்கத்துல.”

“எங்க வீட்டுப் பொண்ணுக்கு என்னா குடுக்கணும், எவ்வளவு குடுக்கணும்னு எங்களுக்குத் தெரியும்.”

காளியாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மகள் அரை ரொட்டியில் கிடந்த இந்தப் பிரிவில் கோபம் வரும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். வரவில்லை. அந்தப் பெண்பிள்ளையின் பின்னால், இருட்டு மூலையில், மெலிந்த முகம் ஒன்று தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“எனக்கும் தெரியும்னுதான் நானும் நெனச்சேன் மதினி,” என்றாள் காளியாயி. “அதப்பத்தி அப்புறம் குந்திப் பேசுவோம். இப்ப நகருங்க, சோறு ஆறுது.”